ஓரக்கண்ணு பூதம்

ஒரு ஊர்ல ஒரு ஏணி இருந்துச்சாம். ஏணி மேல ஒரு பொண்ணு. பேரு கொளஞ்சி. ‘ம்’ சொல்லு பாப்பா, நீ சொன்னாத்தான் அவ கீழ இறங்குவா.

“ம்.”

இறங்கிட்டா. அவ வேலை சுவத்துக்கு வெள்ளையடிக்கிறது. சரக் சரக், சரக் சரக். ஆனா ஆசை என்னன்னா, பூதம் வரையணும். புது வீடு கட்டினா கண்ணு பட்டுடும்னு பூசணிக்காய்ல பூத மூஞ்சி வரைஞ்சு வாசல்ல தொங்க விடுவாங்கள்ல, அந்தப் பூதம். வர்றவங்க பூதத்தைப் பாப்பாங்க, வீடு தப்பிச்சுடும்.

அப்போ மளிகைக்கடை தணிகாசலம் புதுசா வீடு கட்டினாரு. பெயிண்ட் மேஸ்திரி ராயப்பன் கொளஞ்சியைக் கூப்பிட்டாரு. “மூணு பூசணிக்காய் தர்றேன். ஒண்ணாவது தேறணும். தேறலைன்னா கடைசி வரைக்கும் சுண்ணாம்பு வாளிதான். மூஞ்சி கீஞ்சின்னு வாயைத் தொறக்கக் கூடாது.”

“சரிங்கண்ணே.”

அந்தத் தெருவுல தைலம்மான்னு ஒருத்தங்க. கெட்டவங்க இல்ல. ஆனா எதைப் பாத்தாலும் “அடேயப்பா”ன்னு ஒரு மூச்சு விடுவாங்க. விட்டா, மறுநாள் அங்க ஏதாவது ஒண்ணு ஒடையும்.

“ஏன்ப்பா?”

அது அவங்களுக்கே தெரியாது.

அப்புறம் மொதப் பூசணிக்காய். மேஸ்திரி வரையிற பூதத்தை அப்படியே பாத்து வரைஞ்சா. அதே முட்டைக்கண்ணு, அதே மீசை. தைலம்மா வந்தாங்க. தெருவுல பதினோரு வீட்லயும் அதே பூதம், அதனால இதை ஒரு பூதமாவே மதிக்கல. நேரா வீட்டைப் பாத்தாங்க. “அடேயப்பா.” மறுநாள் தண்ணி மோட்டார் டொக்.

அப்புறம் ரெண்டாவது. பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போயி, அங்க பேர் போன ஒரு பெயிண்டரோட பூதத்தைப் பாத்துட்டு வந்து வரைஞ்சா. தொங்குற நாக்கு, கோரப்பல்லு, கொம்பு. பால்காரர் மாடு அந்தத் தெருவுக்கே வரமாட்டேன்னு நின்னுடுச்சு. தைலம்மா மட்டும், “பாவம், பல்லு வலி போல”ன்னாங்க. அப்புறம் வீட்டைப் பாத்தாங்க. “அடேயப்பா.” மறுநாள் வாசல் இரும்புக் கேட்டு டமார்.

‘ம்’ எங்க?

“ம்…”

மூணாவதுக்கு யாரைப் பாத்து வரையிறதுன்னு தெரியல. காயை வாசல்ல தொங்கவிட்டு, மூக்கு வரைஞ்சா, வாய் வரைஞ்சா. கண்ணு கடைசி. கருப்பு முழி வெக்கப் போறப்போ, பக்கத்துல சரசர சரசரன்னு ஒரு சத்தம். கொளஞ்சிக்கு எங்க சத்தம் கேட்டாலும் திரும்பிப் பாத்தாகணும். திரும்பினா. கையில பிரஷ் இருக்கிறது மறந்துபோச்சு. முழி ஓரத்துல போய் ஒக்காந்துடுச்சு.

அழிக்கலாம்னு துணியை எடுத்தா. பூதம் அவளைப் பாக்கல. வீட்டோரம் நிக்கிற தென்னை மரத்துப் பக்கம் எதையோ பாக்குது. எதைன்னு இவளும் திரும்பிப் பாத்தா. மறுபடி பூதம். மறுபடி மரம். அப்போ துணியைக் கீழ வெச்சுட்டு, இன்னொரு முழியையும் வேணும்னே அதே ஓரத்துல வெச்சா.

தணிகாசலம் வந்தாரு. “ஏம்மா, இது எங்க பாக்குது?”

“தெரியலீங்க.”

“பயமாவே இல்லியே. அழிச்சுடு”ன்னாரு. சொல்லிட்டு அவரே ரெண்டு தடவை மரத்தைப் பாத்துக்கிட்டாரு.

மேஸ்திரி துணியை எடுத்து நீட்டினாரு. கொளஞ்சி வாங்கல. “தைலக்கா வர்றாங்க, அவங்க போயிடட்டும்ணே.”

லொடக் லொடக்னு செருப்புச் சத்தம். தைலம்மா பூதத்தைப் பாத்தாங்க. நின்னாங்க. மரத்தைப் பாத்தாங்க. நாலடி போயி மரத்துக்கு அடியிலயும் குனிஞ்சு பாத்தாங்க. திரும்பி வந்து பூதத்தை ஒருக்காப் பாத்தாங்க. அப்புறம் கழுத்தை மரத்துப் பக்கமே வெச்சுக்கிட்டு, வீட்டைத் தாண்டிப் போயே போயிட்டாங்க.

மூச்சே விடல.

தணிகாசலத்துக்குக் கொஞ்சம் வருத்தம். “இழைச்சு இழைச்சுக் கட்டியிருக்கேன், ஒரு பார்வை பாக்கலியே.”

“அதுக்குத்தானேங்க பூதம்”னாரு மேஸ்திரி. சுண்ணாம்பு வாளியை அவரே கையில எடுத்துக்கிட்டாரு. “அடுத்த வீட்டுக்கும் நீயே வரை. யாரையும் பாத்து வரையாத. என்னையும்.”

அப்புறம் கொளஞ்சி பூதம் ஒண்ணு கூரையைப் பாக்கும், ஒண்ணு பின்னாடி பாக்கும். தெருவுல போறவங்க எல்லாருக்கும் கழுத்து சுளுக்கு.

“அது எதைப்பா பாத்துச்சு?”

அவகிட்ட கேட்டாங்களாம். “தெரிஞ்சா வரையவே மாட்டேன்”னுட்டாளாம்.

அங்க என்ன பாக்குற? ஒண்ணுமில்ல. கதை தீந்துச்சு, கண்ணை மூடு.