கிளையில் உட்கார்ந்த யானை

மலைக்காட்டில் பறவை வைத்தியர் மூவர் இருந்தார்கள். தலைவர் இருவாச்சி. அவருக்குத் துணை மரங்கொத்தியும் பச்சைப்புறாவும். எந்த நோயை ஆராய்வது என்று ஆலமரக் கிளையில் உட்கார்ந்து அவர்களே முடிவு செய்வார்கள். மண்ணில் கால் வைப்பது மட்டும் மூவருக்கும் ஆகவே ஆகாது.

அந்தக் கோடையில் அங்காயி என்ற யானைக்கு இடது பின்பாதம் வெடித்துவிட்டது. வெடிப்புக்குள் நெருஞ்சிமுள் கொத்தாக ஏறியிருந்தது. குளமோ வற்றிவிட்டது. மறுநாள் காலை யானைக் கூட்டம் ஆற்றுக்குக் கிளம்புகிறது. நடக்க முடியாவிட்டால் அங்காயி இங்கேயே தாகத்தில் சாக வேண்டியதுதான்!

நொண்டி நொண்டி ஆலமரத்தடிக்கு வந்தாள்.

"வைத்தியரய்யா! நடக்க முடியலைங்க!"

இருவாச்சி மேலிருந்து எட்டிப் பார்த்தார். தெரிந்ததெல்லாம் ஒரு முதுகு.

"ஆகா! முதுகெல்லாம் தூசி! இதுதான் நோய்!"

"பாரம் தாங்காமல்தான் நடை தளர்கிறது," என்றது மரங்கொத்தி.

"பாவம், எவ்வளவு தூசி!" என்று பச்சைப்புறா கண்கலங்கியது.

"தூசி நானே போட்டுக்கிட்டதுங்க, வெயிலுக்கு! வலி கால்லதான்!"

"காலா? யானைக்குக் கால் இருக்கிறதா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷ ஆராய்ச்சியில் அப்படியொன்று தென்பட்டதே இல்லை!

"நோயாளி சொல்வதையெல்லாம் நம்பினால் வைத்தியம் என்னாவது? ம், விசிறுங்கள்!" என்று அதட்டினார் இருவாச்சி.

புறா இறக்கையால் விசிறியது. தூசி தும்பிக்கைக்குள் ஏறியது. அங்காயி போட்ட தும்மலில் புறா இரண்டு மரம் தள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது.

"பார்த்தீர்களா! நோய் வெளியேறுகிறது!"

அங்காயிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "எதை ஆராயணும்னு என்னையும் ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கிளையில் உட்கார்பவர்தான் சபையில் பேசலாம். அதுதான் வழக்கம்!"

"அவ்வளவுதானே!"

அங்காயி தும்பிக்கையால் கிளையை வளைத்தாள். திரும்பினாள். பொத்தென்று உட்கார்ந்தாள்.

மடார்!

கிளை முறிந்தது. அங்காயி மல்லாந்து விழுந்தாள். நாலு பாதமும் வானத்தைப் பார்த்தன. பறக்கவும் மறந்த இருவாச்சி, நேராக அந்த இடது பின்பாதத்தின் மேல் போய் உட்கார்ந்தார்.

"ஐயய்யோ! குத்துதே! குத்துதே!"

"எனக்கும் அப்படித்தாங்க குத்துது!" என்றாள் அங்காயி.

இருவாச்சி வாலைத் தடவிக்கொண்டே வெடிப்பைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அம்மாடி... இத்தனை முள்ளோடா நடந்து வந்தாய்?" குரல் இறங்கிவிட்டது. "நீயே சொல், முதலில் எதை எடுக்கலாம்?"

"குதிகால் பக்கத்து முள்ளுங்க. அதுலதான் உயிர் போகுது."

மரங்கொத்தி அந்த முள்ளில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. மறுநாள் காலை அங்காயி கூட்டத்தின் கடைசியில் மெல்ல மெல்ல நடந்து ஆற்றைச் சேர்ந்தாள்.

நோவு யாருக்கோ, எதை முதலில் ஆராய வேண்டும் என்று அவரைக் கேட்காத வைத்தியம் வெறும் தூசி தட்டும் வேலைதான்.