எம்டன் என்று பெயர் வாங்கியவன்

வெள்ளைக்காரன் ஆண்ட அந்தக் காலத்தில் மதராஸ் குதிரைகள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தன. துறைமுகத்தை ஒட்டிய ஒரு தெருவில் துலுக்காணம் என்ற ஜட்கா வண்டிக்காரன் இருந்தான். முறுக்கு மீசை, கனத்த குரல். "நான் இருக்கிற தெருவுல எவன் வாலாட்டுவான்?" என்பான். தெருவும் அதை நம்பியிருந்தது.

அப்போது ஜெர்மனியோடு சண்டை. ஜெர்மன்காரன் தன் ஊர் ஒன்றின் பெயரை ஒரு போர்க்கப்பலுக்கு வைத்திருந்தான். எம்டன் என்ற அந்தக் கப்பல் ஓர் இரவு ஓசைப்படாமல் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. கரையிலிருந்த எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. மறுபடி வருவான் என்று பயந்து, விடிந்ததும் ஊரே மூட்டை கட்டியது.

எல்லோருக்கும் முன்னால் வண்டி பூட்டியவன் துலுக்காணம்தான். அடுத்த வீட்டுத் தனபாக்கியம், பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி, கைக்குழந்தையோடு ஓடிவந்து வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, எங்களையும் ஏத்திக்கண்ணே! அவரு ரங்கூன்ல இருக்காரு, எனக்கு யாரும் இல்ல."

"நிறுத்து, வண்டியில இடம் இருக்கு" என்றது குதிரை.

துலுக்காணம் நிறுத்தவில்லை. சாட்டையை முதலில் குதிரையின் முதுகில் வீசினான். அடுத்த வீச்சு தனபாக்கியத்தின் கையில் விழுந்தது. பிடி விட்டது.

பூந்தமல்லிப் பக்கம் உறவுக்காரர் வீட்டில் போய் ஒண்டினான். சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கைதான். "இப்படிப் பண்ணிட்டேனே" என்று குதிரையிடம் முனகினான்.

"அதை எங்கிட்ட ஏன் சொல்ற?" என்று குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கப்பல் திரும்ப வரவில்லை என்று தெரிந்ததும் தெருவுக்கு வந்தான். தனபாக்கியம் குழாயடியில் நின்றிருந்தாள். கையில் தழும்பு கன்றிப்போயிருந்தது.

"பயத்துல..." என்றான்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "எம்டன் கடல்ல நின்னு எண்ணெய்த் தொட்டிய அடிச்சான். நீ என் மூஞ்சியப் பாத்துக்கினே அடிச்ச. எனக்கு நீதாண்ணே எம்டன்."

குழாயடியில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். அவள் அப்போதும் அண்ணே என்றதுதான் அவனைக் கொன்றது.

பெயர் ஒட்டிக்கொண்டது. "எம்டன், வண்டி வருமா?" என்று கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொண்டே வருவான். அப்படிக் கூப்பிடாதே என்று யாரையும் கேட்டதில்லை.

கப்பலின் பெயர் நம் வாயில் பொல்லாத ஆளின் பெயரானது அந்த நாளிலிருந்துதான். இப்போது பலே கைகாரனைக்கூட "சரியான எம்டன்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். முதன்முதலில் அதைச் சுமந்தவன் ஒரு நாளும் சிரித்ததில்லை.