பூசணியில் முளைத்த மீசை

சந்தையில் பூசணி விற்கும் பக்கிரி அண்ணன் சொன்ன கதை இது. கேட்ட நாளிலிருந்தே எனக்கு இதில் சந்தேகம். இத்தனை வருஷம் புரட்டிப் பார்த்தும் ஓரிடம் உதைத்துக்கொண்டே இருக்கிறது. அது எந்த இடம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டைக் கோதண்டராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பேச்சே அவனுக்கு வேதம். ஒருநாள் பக்கத்துச் செங்குன்றநாட்டுத் தூதன் விருந்துக்கு வந்தான். இலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, "எங்கள் ராஜா உள்ளூர்க் காயைக் கையால் தொடமாட்டார்" என்றான்.

கோதண்டராயனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளே ஆணை பிறந்தது: கொன்றைநாட்டில் விளைந்த காய் இனி ராஜாவின் இலையில் விழக்கூடாது!

அரண்மனையின் உணவுப் பண்டசாலையான உக்கிராணத்தைப் பார்த்துக்கொண்ட காளிங்கராயர் உடனே செங்குன்றத்தோடு ஏற்பாடு செய்தார். இங்கிருந்து ஒரு வண்டிப் பூசணி புறப்படும், அங்கிருந்தும் ஒரு வண்டி வரும். எல்லைச் சாவடியில் காய்களை மாற்றிக்கொள்ள வேண்டியது. அனுப்புகிற காயை அமைச்சர் திருமேனியாரின் தோட்டத்திலேயே பறித்துக்கொண்டார். அந்தத் தோட்டத்தின் மேல் அவருக்கு வெகுநாளாய் ஒரு கண். அரண்மனை வேலைக்காரர் வீட்டு அடுப்பெல்லாம் அதை நம்பித்தான் எரிந்தது. அவர்கள் வாழ்த்தெல்லாம் அமைச்சருக்கே போயிற்று.

செங்குன்றத்துப் பூசணி மோர்க்குழம்பாக வந்தது. ராஜா ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினான்.

"ஆகா! இதுவல்லவோ காய்! மலைக்காற்றே வாய்க்குள் வீசுகிறது!"

"நம் அமைச்சருக்கு அதெல்லாம் எங்கே தெரியும், மன்னா?" என்றார் காளிங்கராயர். "மண் நோண்டும் கையோடு ஆலோசனை சொல்ல வருகிறார். அந்தத் தோட்டத்தில் யானைக் கொட்டாரம் கட்டிவிட்டால் நாட்டுக்கும் கௌரவம்."

"என்ன சொல்கிறீர், திருமேனியாரே?" என்றான் ராஜா.

"தாங்கள் ருசித்ததே என் தோட்டத்துக் காய்தான், அரசே."

பந்தியே கொல்லென்று சிரித்தது. ராஜாவின் முகம் சிவந்தது. "நிரூபியும்! முடியாவிட்டால் தோட்டம் யானைகளுக்கு. நீர் எல்லைச் சாவடிக்குக் காவலுக்குப் போய்விடும்!"

"அடுத்த காய்ப்பு வரை பொறுத்தருள வேண்டும்."

அடுத்த காய்ப்பில் செங்குன்றத்து வண்டி நேரே சபைக்கு வந்தது. அமைச்சர் ஓர் ஈரத்துணியை நீட்டினார். ராஜாவே ஒரு காயின் மேல் பூத்திருந்த வெண்சாம்பலைத் துடைத்தான். அடியில் ஒரு தழும்பு. இரு பக்கமும் மேலே சுருண்ட தழும்பு. ராஜாவின் கை தானாகத் தன் மீசைக்குப் போயிற்று. இன்னொரு காயைத் துடைத்தான். அதிலும் மீசை.

"காளிங்கராயரே, செங்குன்றத்தில் என் மீசை எப்படிக் காய்த்தது?"

"அ... அது தங்கள் கீர்த்தி, மன்னா! அங்கே கொடிகள்கூடத் தங்களையே நினைக்கின்றன!"

ராஜாவுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஒரு கணம் நம்பியும் விட்டான். பிறகு குழம்பினான். "அப்படியானால் அவர்கள் ராஜாவின் மீசையை எந்தக் கொடி நினைக்கும்?"



"பிஞ்சில் நகத்தால் கீறினால், காய் பருக்கப் பருக்கத் தழும்பும் பருக்கும், அரசே" என்றார் திருமேனியார். "களவு போனால் அடையாளம் காண வீட்டுக்கு வீடு செய்கிறதுதான். போன முறை, அணில் கொறித்த என் காய் ஒன்று செங்குன்றக் காயாக வந்து இறங்கியது. அதனால் இந்த முறை எல்லாப் பிஞ்சிலும் தங்கள் மீசையைக் கீறிவைத்தேன். மற்றதை வண்டிக்காரன் சொல்லட்டும்."

வண்டிக்காரன் மாயாண்டி கைகட்டி நின்றான்.

"மகாராசா, சாவடியில அவுக வண்டியும் நம்ம வண்டியும் சந்திக்கும். அதுலயும் பூசணி, இதுலயும் பூசணி. இறக்கி ஏத்துனா இடுப்பு ஒடிஞ்சுபோகும். அதான், ஆளுக்குக் கொஞ்சம் கஞ்சியக் குடிச்சிட்டு, அவனவன் வண்டிய அவனவன் திருப்பிக்குவோம். இதுவும் எல்லைவரைக்கும் போயிட்டு வந்த காய்தானுங்களே!"

ராஜா நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தான். அப்படியானால் அந்த மலைக்காற்று? வீசியதென்னவோ நிஜம். எங்கிருந்து வீசியது?

மாயாண்டி தப்பினான். தோட்டம் என்றைக்கும் திருமேனியாருக்கே என்று தீர்ப்பாயிற்று. தண்டனையாகக் காளிங்கராயர் பட்டுத் தலைப்பாகையோடு அந்தத் தோட்டத்துக் கொடிகளுக்குத் தண்ணீர்க் குடம் சுமந்தார். ராஜாவும் மதிலோரம் தன் கையால் ஒரு விதை ஊன்றி, காலையெல்லாம் அதன் பக்கத்திலேயே குந்தியிருந்தான். முதல் காய் மோர்க்குழம்பாக வந்தது. ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினான்.

"ஆகா! இதுவல்லவோ காய்!"

எனக்கு உதைக்கிற இடம் இதுதான். அதே கண்மூடல், அதே ஆகா. இதில் எந்த ஆகாவை நம்புவது? என் வீட்டுக் கொல்லையிலும் ஒரு பூசணிக்கொடி ஓடுகிறது. அதன் காயைச் சாப்பிடும்போதெல்லாம் இந்த ராஜா வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறான். போன வாரம் சந்தையில் பக்கிரி அண்ணன் பூசணிக்குக் கத்தி வைத்தபோது, கேட்டேவிட்டேன்:

"அண்ணே, அன்றைக்கு ராஜா ஊன்றிய கொடியின் காய்க்குப் பதில் சமையற்காரன் வேறு காயை மாற்றிப் போட்டிருந்தாலும், ராஜா கண்ணை மூடியிருக்க மாட்டானா?"