கலக்கச் சொன்ன ராட்சசி

கண்ணை மூடு. அம்மாவுக்கு இன்னைக்கு நைட் ஷிப்டு, விடிஞ்சாதான் வருவா. அதுவரைக்கும் இந்த அத்தைதான் உனக்கு. ஒரு கதை சொல்றேன், ஆனா "ம்" கொட்டணும், இல்லேன்னா நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு, பேரு பவளாயி. காணாமப் போன ஆட்டைத் தேடி மலையேறினவ, வழி தப்பி ஒரு ராட்சசி வீட்டுக்குள்ள போயிட்டா. ராட்சசி கதவைச் சாத்திட்டு ஒரு மரப்பீப்பாயைக் காட்டினா. படுக்கவச்ச பீப்பாய், கைப்பிடியப் பிடிச்சுச் சுத்துறது. உள்ள பாதிக்கு வறுத்த கேழ்வரகும் வறுத்த கடலையும் கிடந்துச்சு. கையை உள்ள விடாம, சுத்தியே ரெண்டையும் கலந்துட்டா வீட்டுக்கு விடறேன்னா. ம்?

இவ்வளவுதானான்னு பவளாயி மெதுவாச் சுத்தினா. குவியல் சாஞ்சுக்கிட்டே மேல ஏறும், அப்புறம் சரசரன்னு சரியும். மறுபடி ஏறும், சரசர. நிறுத்திப் பாத்தா, பொடிசான கேழ்வரகெல்லாம் நடுவுல போய் ஒண்டிக்கிச்சு, கடலையெல்லாம் அதைச் சுத்தி ஓரமா நிக்குது.

அப்புறம் கொஞ்சம் வேகமா, கடகட கடகட. அப்பவும் அதே கதிதான். சுத்தச் சுத்தப் பிரியுது.

மூணாவது, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு விர்ர்ர்ருன்னு. அப்போ எல்லாம் பீப்பாய்ச் சுவத்தோட ஒட்டிக்கிட்டுக் கூடவே சுத்துது. ஏறவும் இல்லை, சரியவும் இல்லை, பக்கத்துல இருக்கிறதோட கலக்கவும் இல்லை.

தூங்கிட்டியா? இல்லையா, சரி.

பவளாயிக்கு அழுகை வந்துடுச்சு. வீட்டுல அம்மா தேடுவாளே. பசி வேற. இனிப்பா ஏதாவது குடேன்னு கேட்டா. ராட்சசிகிட்ட யாரும் அப்படி உரிமையாக் கேட்டதே இல்லை. அவ ஓடிப்போய் வெல்லப்பாகு காய்ச்சிக் கொண்டுவந்தா. பவளாயி ஒரு வாய் நக்கிப் பாத்தா, கை பிசுபிசுன்னு ஒட்டுச்சு. உடனே மிச்சத்தையெல்லாம் பீப்பாய்க்குள்ள ஊத்திச் சுத்தினா. தொபுக், தொபுக். அப்போ பொடிசும் பெரிசும் சேந்து ஒட்டிக்கிச்சு, எங்க கிள்ளினாலும் ரெண்டும் இருக்கு.

ராட்சசியும் ஒரு விள்ளல் கிள்ளிப் பாத்தா. அப்புறம் சொன்னா, "சுத்தினா கலக்காதுன்னு எனக்குத் தெரியும். நீ கொஞ்ச நாள் என்கூட இருப்பேன்னுதான் அப்படிச் சொன்னேன்."

கதை சொல்ற எனக்கே அவமேல கோவம் வரலை, பாவமா இருக்கு.

எங்க வீட்டுக்கு வாயேன்னு பவளாயி கூப்பிட்டா. "நான் வந்தா உங்க ஊரே ஓடிடும்"னா அவ. அப்போ பவளாயி ஒரு உருண்டை பிடிச்சு ரெண்டாப் பிட்டா, ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து தின்னாங்க. பொழுது இறங்கவும் பவளாயி கிளம்பிட்டா. அதுவரைக்கும் யாரையும் போகவிடாத ராட்சசி, வழி தெரியட்டும்னு வாசல்ல நின்னு விளக்கைத் தூக்கிப் பிடிச்சா. பவளாயி அம்மா மடியில படுத்தப்புறமும் ராட்சசி கையை இறக்கலை.

கதை வீடு சேந்துடுச்சு கண்ணு, நீ தூங்கு.