ஏழேரி அரசரின் காரும் மூன்று ஸ்கேனர்களும்

ஏழேரி நாட்டில் ஏரிகள் ஆறுதான். ஒன்று குறைகிறதே என்று சொல்ல யாருக்கும் வாய் எழவில்லை. அரசர் சித்திரசேன பூபதியின் சட்டம் அப்படி. அரசருக்குக் குறை கிடையாது. அரசருடைய பொருளுக்கும் குறை கிடையாது. உண்டு என்றவருக்குக் கசையடி.

இந்த அரசரிடம் நான்கு சிலிண்டர் கார் ஒன்று இருந்தது. ஓட்டுபவன் சன்னாசி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அரண்மனை வாசலைத் தாண்டிப் பதினொரு கஜம் போனதும், கார் குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கியது. முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

அரசருக்குக் கோபம் வரவில்லை, குஷிதான் வந்தது. தம் கையாலேயே, வீட்டில் வைத்தே, ஒரு காரைப் பழுதுபார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"காரில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் பழுதுபார்க்கப் போகிறேன். ஸ்கேனர் ஒன்று வாங்கி வாருங்கள்!" என்றார்.

தலைமை அமைச்சர் திரிபுராந்தகர் ஓடினார். காரில் செருகினால் கோளாறைச் சொல்லும் அந்தக் கருவிகளில், கடையில் எது மலிவோ அதை வாங்கி வந்தார். ஸ்டீயரிங்குக்குக் கீழே அதைச் செருகியதும், சின்னத் திரையில் 'பி 0303' என்று வந்தது. வேறொன்றும் வரவில்லை.

"இதற்கு என்ன அர்த்தம், அமைச்சரே?"

அமைச்சருக்குக் காரில் தெரிந்தது பின்இருக்கை மட்டும்தான். தெரியாது என்று சொல்லவோ கௌரவம் விடவில்லை.

"முந்நூற்று மூன்று குறைகள், அரசே!"

"யாருடைய குறைகள்?" அரசரின் மீசை துடித்தது.

அமைச்சர் சன்னாசியைக் கைகாட்டினார். "ஓட்டுகிறவனுடைய குறைகள்."

"அப்படியா! குறைக்கு ஒரு கசையடி. நாளைக் காலை முந்நூற்று மூன்று."

சன்னாசி அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு நூறு வரைதான் எண்ணத் தெரியும். அதற்கு மேலும் இருக்கிறது என்று கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

காரைச் சுற்றி நின்ற அவையோரில் நாவலிங்கம் என்ற விகடகவியும் இருந்தார். அவர் முன்னால் வந்தார். "அரசே, ஸ்கேனர் இன்னும் முழுதாகப் பேசவில்லை. வேறொன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு மாலை வரை தவணை கொடுங்கள்."

"கொடுத்தேன். அது கோளாறு இன்னது என்று காட்ட வேண்டும். ஆனால் என் காரில் கோளாறு என்று மட்டும் சொல்லக் கூடாது. தவறினால் அடியில் பாதி உமக்கு."

"பாதி என்றால் நூற்றைம்பத்தொன்றரை. அரை அடியை எப்படி அடிப்பார்கள்?"

"அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் அமைச்சர் உற்சாகமாக.

நாவலிங்கம் நான்கு கடை ஏறி இறங்கினார். கடைக்காரர்கள் திரையின் அகலத்தைச் சொன்னார்கள், பொத்தான்களை எண்ணிக் காட்டினார்கள். அவர் கேட்டது ஒன்றுதான்: "எண்ணைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்குமா? இல்லை, எந்த இடத்தில் என்ன என்று வார்த்தையில் சொல்லுமா?" நான்காவது கடையில், சோப்புப் பெட்டி அளவில் கறுப்பாக ஒன்று கிடைத்தது.

மாலையில் அவர் திரும்பியபோது அமைச்சர் முந்திக்கொண்டார். வெள்ளித் தட்டில் தங்க முலாம் பூசிய ஸ்கேனர் ஒன்று மின்னியது. "அரசே, இது அரண்மனைக்கென்றே செய்தது. பாருங்கள், 'சகலமும் சுகம்' என்கிறது!"

அரசர் பூரித்துப்போனார்.

"அருமை" என்றார் நாவலிங்கம். "ஆனால் அமைச்சரே, இதை இன்னும் காரில் செருகவே இல்லையே? தட்டில் அல்லவா இருக்கிறது?"

"தட்டு சுகமாக இருக்கிறது போலும்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அமைச்சர் தட்டோடு பின்வாங்கினார்.

"சரி, உம்முடையதைச் செருகும்" என்றார் அரசர். "என் காரில் கோளாறு என்று சொன்னதோ, தொலைந்தீர்!"

"அதனால்தான் அரசே, முதலில் இந்தக் காரைச் சன்னாசிக்குக் கொடுத்துவிடுங்கள். பிறகு ஸ்கேனர் என்ன சொன்னாலும் அது சன்னாசியின் காரைத்தான் சொல்லும். தங்கள் சட்டத்துக்குப் பங்கம் வராது."

அரசருக்குக் கை பரபரத்தது. எப்போது ஸ்பேனரைப் பிடிப்போம் என்றிருந்தது. ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீரை எடுத்துச் சன்னாசியின் கையில் முறைப்படி தாரை வார்த்தார். "கொடுத்தேன், கொடுத்தேன், கொடுத்தேன். செருகும்!"

கறுப்பு ஸ்கேனர் பேசியது: 'மூன்றாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை. தீப்பொறி தரும் காயிலைச் சோதிக்கவும்.'

"பார்த்தீர்களா? காலையில் வந்த 'பி 0303'-இல் கடைசி இலக்கம் சிலிண்டரைக் காட்டுகிறது. குறை முந்நூற்று மூன்று இல்லை, ஒன்றே ஒன்று" என்றார் நாவலிங்கம். "ஒன்றாம் காயிலையும் மூன்றாம் காயிலையும் இடம் மாற்றுங்கள், அரசே."

அரசரே மாற்றினார். கோளாறு ஒன்றாம் சிலிண்டருக்குத் தாவியது. கெட்டது அந்தக் காயில்தான் என்று ஊர்ஜிதமாயிற்று. புதுக் காயிலைப் பொருத்தினார், ஸ்கேனரால் பழைய கோளாறுப் பதிவை அழித்தார். மஞ்சள் விளக்கு அணைந்தது. கார் பூனைபோல் மெல்ல உறுமியது. மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். முழங்கை வரை கரியோடு அரசர் குதித்தார்.

"சன்னாசிக்குக் கசையடி ரத்து! எங்கே, என் காரின் சாவியைக் கொடு."

சன்னாசி நாவலிங்கத்தைப் பார்த்தான்.

"அரசே, தாரை வார்த்ததைத் திரும்ப வாங்குவது பெருங்குறை" என்றார் நாவலிங்கம். "அரசரிடம் குறை உண்டு என்று இங்கே யார் சொல்வது? அமைச்சர் சொல்வாரா?"

அமைச்சர் தலையை ஆட்டிய வேகத்தில் தலைப்பாகை அவிழ்ந்தது.

"அடப்பாவி! வீட்டில் வைத்துப் பழுதுபார்க்கத்தானே ஸ்கேனர் வாங்கச் சொன்னேன்? இனி எதைப் பழுதுபார்ப்பேன்?"

"ஸ்கேனர் தங்களுடையதுதான். ஆசைப்பட்டபடி வீட்டிலேயே பார்க்கலாம். சன்னாசியின் வீட்டில்."

அரசர் காரையும் தம் கையிலிருந்த ஸ்பேனரையும் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கரிக்கையோடு நாவலிங்கத்துக்குப் போட்டார். "ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், சன்னாசி!"

சன்னாசி கைகட்டி, மிகுந்த பணிவோடு சொன்னான்:

"வாங்க மகாராஜா. கொஞ்சம் வெள்ளனவே வந்துடுங்க. என் மச்சானும் அவன் வண்டியைக் கொண்டாரேன்னான்."