திருப்பிக் கொடுக்கும் ஜன்னல்

அந்த ஊரில் கதவுகள் திறக்காமல் போயின.

பூட்டு கெடவில்லை. உள்ளே இடம் இல்லை. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு வாய் வைத்திருந்தார்கள். தகர வாய். அதற்குள் சறுக்குப் பலகை. தெருவில் நின்று ஒரு பொருளின் பெயரைச் சொல்லி 'வேணும்' என்றால் போதும், கம்பெனி வண்டி வரும். ஓட்ட ஆள் கிடையாது. அவரவர் வீட்டு வாய்க்குள் பெட்டியைப் போட்டுவிட்டுப் போகும். போட்டது உள்ளே போகும். வெளியே வராது.

வீடுகள் நிறைந்தன. ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். தெருவில் உட்கார்ந்துகொண்டு இன்னும் வேணும் என்றார்கள். 'வேணாம்' என்றும் சிலர் சொல்லிப் பார்த்தார்கள். வண்டிக்கு அந்தச் சொல் தெரியாது.

கம்பெனிக் கிடங்கின் பின்பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. மேலே பலகை: 'திருப்பிக் கொடுப்பவர்கள் இங்கே.' சட்டப்படி ஒன்று இருக்க வேண்டுமாம். வைத்தார்கள். ஜெபமணி என்ற பெண்ணை அதில் உட்கார்த்தினார்கள். பதினோரு வருஷமாக ஒருவரும் ஒன்றையும் திருப்பிக் கொண்டுவரவில்லை. அறையில் ஒரு ஸ்டூல், ஒரு கட்டுப் படிவம். வேறொன்றும் இல்லை.

ஊரில் காலியாக இருந்த ஒரே அறை அது. அதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். போகப்போக ஜெபமணியை குரு என்றார்கள். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சீடர்கள் நாலு பேர். ஏதோ வரிசை என்று நினைத்துப் பின்னால் வந்து நின்றவர்கள். அங்கே விற்பனை கிடையாது என்று தெரிந்ததும் மூன்று பேர் போய்விட்டார்கள். மிஞ்சியவர் தெய்வசிகாமணி. வயது அறுபத்து மூன்று. குருவைவிட இருபது வயது மூத்தவர். அதே கம்பெனியில் விற்பனை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சுவரில் வாய் வைக்கலாம் என்று முதன்முதலில் சொன்னதே அவர்தான்.

ஒரு நாள் உச்சி வெயிலில் அவர் ஓடி வந்தார்.

"அம்மா, வீட்டுக்காரி உள்ளே மாட்டிக்கிட்டா."

"எத்தனை நாளா?"

"மூணு வாரம்."

"இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சா?"

"முதல் நாளே தெரியும். அப்போ உள்ளே ரெண்டு ரூம் காலியா இருந்துச்சு. இருந்துக்கட்டும்னு விட்டுட்டேன். இப்போ மாடிப்படி மட்டும்தான். மேலே மாடியும் அடைஞ்சுபோச்சு. கீழேயிருந்து பெட்டி ஏறுது. அவளும் ஒவ்வொரு படியா ஏறிக்கிட்டிருக்கா. மொத்தம் பதிமூணு படி. நேத்து ஒன்பதாவதுல நின்னா."

"இன்னைக்கு?"

"பதினொண்ணு."

"ஒரே நாள்ல ரெண்டு படியா?"

அவர் தலையைச் சொறிந்தார். "கதவை நெம்ப ஒரு கடப்பாரை கேட்டேன்."

"வந்துச்சா?"

"வாய்க்குள்ள போட்டுட்டுப் போயிருச்சு."

"அப்புறம்?"

"அதை வெளியே இழுக்க ஒரு கொக்கி கேட்டேன்."

ஜெபமணி அவரைப் பார்த்தாள்.

"எட்டடிக் கொக்கி," என்றார். "அதுவும் உள்ளே."

"இப்போ என்ன கேட்கப்போறீங்க?"

"அதைத்தாம்மா உங்ககிட்ட கேட்க வந்தேன். எதை வாங்கினா அவ வெளியே வருவா?"

ஜெபமணி எழுந்தாள். ஸ்டூலைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். படிவக் கட்டைக் கக்கத்தில் இடுக்கினாள். ஜன்னலைச் சாத்தினாள்.

இரண்டு பேரும் அவர் தெருவுக்கு வந்தார்கள்.

எதிர்வீட்டு வரதராஜுலு தன் வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், குருவையே வீட்டுக்கு அழைச்சிட்டு வர்றீங்க? அந்தளவுக்கு முத்திருச்சா?"

"சம்சாரம் உள்ளே இருக்கா வரது."

"அதுக்கா இந்தக் கலக்கம்? எங்கப்பாகூட உள்ளதான். ரெண்டு மாசமா சத்தமே காணோம். தூங்குறாருன்னு நினைக்கிறேன்." கொட்டாவி விட்டார். "பொழுதே போகல. ஒரு ரேடியோ வேணும்."

வண்டி வந்தது. அவர் வீட்டு வாய் ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருந்தது. வண்டி பின்னுக்குப் போய், முன்னுக்கு வந்து, முட்டித் திணித்துவிட்டுப் போனது. உள்ளே எங்கோ ரேடியோ பாட ஆரம்பித்தது.

"நல்ல கம்பெனி," என்றார் வரதராஜுலு. "பெட்டிக்குள்ள இருந்தே பாடுது."

தெய்வசிகாமணி தன் வீட்டு வாய்க்குள் தலையை விட்டார்.

"செண்பகம்!"

"இருக்கேன். கத்தாதீங்க."

அவர் மனைவி செண்பகவல்லியின் குரல். தூரத்தில், மேலிருந்து வந்தது.

"எத்தனாவது படி?"

"பதினொண்ணுதான்."

"இருட்டுல எப்படித் தெரியுது?"

"இருபது வருஷமா இருட்டுலதானே ஏறி இறங்குறேன். காலுக்குத் தெரியும்."

"பசிக்குதா?"

"பிஸ்கட் பெட்டி கைக்கு எட்டுது. வேற எதையும் அனுப்பித் தொலைச்சிடாதீங்க."

"காத்து வராதே உனக்கு. ஒரு ஃபேன் வே..."

ஜெபமணி அவர் தலையை வெளியே இழுத்து, படிவக் கட்டை அவர் உதட்டில் வைத்து அழுத்தினாள். தெருமுனை வரை வந்துவிட்ட வண்டி, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியது.

அவள் ஸ்டூலைத் தெருவில் போட்டு உட்கார்ந்தாள். ஒரு படிவத்தை உருவி அவரிடம் நீட்டினாள். மூன்று வரிதான். பொருள். ஏன் வாங்கினீர்கள். அடியில், சரிசெய்தவர்.

அவர் இரண்டு முறை படித்தார். "ஏன் திருப்பித் தர்றோம்னு கேட்கவே இல்லையே?"

"அது எதுக்கு எங்களுக்கு?"

அவர் எழுதினார். ட்ரெட்மில். தேவைப்பட்டது.

"வாய்ல போடுங்க," என்றாள்.

போட்டார். வாய் அதை அவர் முகத்திலேயே துப்பியது.

மறுபடி எழுதினார். உடம்பைப் பார்த்துக்கொள்ள. துப்பியது. டாக்டர் சொன்னார். அதையும் துப்பியது.

"என்னம்மா இது? எதைப் போட்டாலும் திங்கிற வாயாச்சே. நானே நின்னு மாட்டினது."

"எழுதுங்க சார்."

அவர் எதிர்வீட்டைப் பார்த்தார். கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். வரதராஜுலு வாங்கினார்.

வாய் அதை விழுங்கியது. உள்ளே பெட்டிகள் உரசும் சத்தம். ட்ரெட்மில் சறுக்கின் மேல் ஏறி, தெருவில் வந்து விழுந்தது. பிரிக்காத பெட்டி. வண்டி வந்தது. எடுத்துப் பழக்கம் இல்லை. சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் எடுத்துக்கொண்டு போனது.

"பத்து," என்றது உள்ளே குரல்.

அப்புறம் மூன்று நாள் எழுதினார். இருட்டினால் நிறுத்துவார், விடிந்தால் தொடங்குவார். ஜெபமணி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

கிட்டாருக்கு, 'வாசிப்பேன் என்று ஆபீசில் சொல்லியிருந்தேன்' என்று எழுதினார். வந்து விழுந்தது. ஏழு மிக்சிக்கும் சேர்த்து, 'நானே வாங்காவிட்டால் யாரிடம் விற்பது' என்று எழுதினார். ஏழும் வரிசையாக வந்தன. இரண்டாவது ஃப்ரிட்ஜுக்கு, 'முதல் ஃப்ரிட்ஜில் இடமில்லை' என்றார். வாய் துப்பியது. அரை நாள் யோசித்துவிட்டு, 'ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா இருக்கத் தெரியவில்லை' என்று எழுதினார். அது வந்தபோது கூடவே பதினெட்டுப் பெட்டி சரிந்து வந்தது.

"ஆறு," என்றது குரல். "மெதுவா. கால் மாட்டிக்குது."

கடப்பாரைக்கு, 'வேறு எதுவும் செய்யத் தெரியாது' என்று எழுதினார். கொக்கிக்கும் அதுவே.

தெரு வேடிக்கை பார்த்தது. புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

"ஜோரா இருக்கே," என்றார் வரதராஜுலு. "எனக்கும் அந்த ஃபாரம் வேணும்."

வண்டி வந்து, நூறு படிவத்தை ஒரு பெட்டியில் கட்டி, அவர் வீட்டு வாய்க்குள் திணித்துவிட்டுப் போனது. ரேடியோ சத்தம் கொஞ்சம் அமுங்கியது.

மூன்றாம் நாள் மத்தியானம் குரல் கதவுக்குப் பின்னாலேயே கேட்டது.

"தரைக்கு வந்துட்டேன். ஒரே ஒரு பெட்டிதான் பாக்கி. கதவை அடைச்சு நிக்குது."

"தள்ளிப் பாரேன்."

"தள்ளாமலா இருப்பேன்? இத்தனை வருஷப் பாரம். தரையோட பிடிச்சுப்போயிருக்கு."

"எந்தப் பெட்டி?"

"சரவிளக்கு. பன்னிரண்டு பல்பு. வாய் வச்ச வாரம் முதல்ல வந்து விழுந்துச்சே, அது."

அவர் படிவத்தை எடுத்தார். வீட்டுக்கு அழகு என்று எழுதினார். துப்பியது. கம்பெனிச் சலுகை. துப்பியது. பெருமைக்கு. உள்ளதிலேயே உண்மையான காரணம் அதுதான் என்று நினைத்தார். அதையும் துப்பியது. மனைவிக்காக என்று எழுதிப் போட்டார். வாய் அதைக் கிழித்துத் துப்பியது.

ஜெபமணியிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா."

"நானா வாங்கினேன்?"

அவர் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். படிவக் கட்டில் கடைசி ஒன்றுதான் இருந்தது.

"எனக்குத் தெரியும்," என்றது உள்ளிருந்து குரல்.

அவர் எழுந்து வாய்க்குப் பக்கத்தில் போனார்.

"படியில பல்பு போயிருச்சுன்னு சொன்னேன். ஸ்டூல் போட்டு மாட்டுங்கன்னேன். ஆறு நாள் சொன்னேன். ஏழாம் நாள் இது வந்துச்சு. மாட்ட ஆள் வரும்னீங்க. எவனும் வரல."

"சரி. அதை ஏன் வாங்கினேன்?"

"ஸ்டூல்ல ஏற உங்களுக்குப் பயம்."

"யாருக்கு? எனக்கா?"

"கல்யாணமான புதுசுல மலைக்கோயில் போனோமே. நாப்பதாவது படியில உட்கார்ந்துட்டீங்க. என்னன்னு கேட்டா செருப்பு அறுந்துருச்சுன்னீங்க. செருப்பைக் கீழேயே விட்டுட்டுத்தானே ஏறினோம்."

தெரு சிரித்தது. வரதராஜுலு தொடையில் தட்டிச் சிரித்தார்.

தெய்வசிகாமணி சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு எழுதினார். இந்தத் தடவை கையால் மறைக்கவில்லை.

ஸ்டூலில் ஏறப் பயம்.

வாய் அதை விழுங்கியது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தரை பெயர்வதுபோல் ஒரு சத்தம். சரவிளக்குப் பெட்டி வெளியே வந்து விழுந்தது. உள்ளே கண்ணாடி நொறுங்கியது.

கதவு திறந்தது.

செண்பகவல்லி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். தலையெல்லாம் அட்டைத் தூசி. மடியிலிருந்து எதையோ எடுத்தாள். ஒரு பல்பு.

"இது ஏது?"

"அப்பவே வாங்கி வச்சதுதான். உள்ளே மாட்டிக்கிட்டதும் முதல்ல இதைத்தான் தேடி எடுத்தேன். நசுங்கிடும்னு மடியிலயே வச்சிருந்தேன்."

"நீயே மாட்டியிருக்கலாமே?"

"ஒருத்தர் ஏறணும், ஒருத்தர் பிடிக்கணும். நான் ஒருத்தி என்ன செய்ய?"

ஜெபமணி எழுந்தாள். ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். கிடங்கைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் காலை அவர் ஸ்டூலோடு ஜன்னலுக்கு வந்தார். அவள் உள்ளே நின்றுகொண்டிருந்தாள். அறையில் வேறு ஒன்றும் இல்லை.

"ஏறினீங்களா?"

"ஏறினேன்."

"கால் நடுங்குச்சா?"

"நடுங்குச்சு."

"பல்பு எரியுதா?"

"எரியுது."

ராத்திரியே வாய் துப்பிவிட்டதாகச் சொல்லிக் கடைசிப் படிவத்தை நீட்டினார். காரணத்தை அது எடுத்துக்கொண்டது. அடியில் ஒரு வரி காலியாக இருந்ததாம்; மற்றதிலெல்லாம் விட்டுவிட்டு, கடைசியில் மட்டும் அதற்காகத் துப்பியிருக்கிறது. இப்போது நிரப்பியிருந்தார்.

சரிசெய்தவர்: ஜெபமணி.

அவள் அதை அடித்தாள். "நான் உட்கார்ந்திருந்தேன்."

அப்போது அவருக்குப் பின்னால் வரதராஜுலு வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. கையில் ஒன்றும் இல்லை.

"ரேடியோவை நிறுத்தச் சொல்லி எங்கப்பா கத்துறார்," என்றார்.

"இருங்க. இவர் முடிக்கட்டும்."

தெய்வசிகாமணி யோசித்தார். அடித்த பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதி நீட்டினார்.

அவள் அதை அடிக்கவில்லை. படிவத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள்.

"ஸ்டூல் ஆடுச்சா?"

"இல்லை."

"நீங்கதான் நடுங்கினீங்களே. அது ஏன் ஆடல?"

அவர் நின்றார். பின்னால் வரதராஜுலு செருமினார். அவர் திரும்பவில்லை.

பிறகு பேனாவை எடுத்துத் தன் பெயரைத் தானே அடித்தார். அதற்குக் கீழே, கொட்டை எழுத்தில், எழுதினார்.

செண்பகவல்லி.