ஆள்காட்டியின் பழைய பெயர்

அந்தக் காலத்தில் பறவைக்கும் விலங்குக்கும் மனிதனுக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் தாய் வைத்த பெயர் ஒன்று இருந்தது. செய்கிற காரியம் வேறு, பெயர் வேறு. ஒரு பறவை காலையில் மரத்தைக் கொத்தும்; மாலையில் அதே கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும். கொத்தியது கொத்தியதோடு போயிற்று. திருடியதும் அப்படித்தான். செய்த காரியம் யாருடைய பெயரிலும் போய் ஒட்டிக்கொண்டதில்லை.

தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளும் பழக்கமும் அப்போது இல்லை. பெயர் என்பது அடுத்தவர் வாய்க்கு உரியது. மனைவி மட்டும் கணவன் பெயரைச் சொல்லமாட்டாள். சொன்னால் அவனுக்கு ஆகாது என்று பயம்.

ஒரு கண்மாய் வற்றிப்போய்க் கிடந்தது. நடுவில் ஒரு குட்டை, அதன் ஓரம் கோரைப் புதர், மற்றதெல்லாம் வெடித்த தரை. அந்தத் தரையில் ஒரு பறவையும் அவன் மனைவியும் குடியிருந்தார்கள். நீண்ட மஞ்சள் கால், சிவந்த மூக்கு. கூடு கட்டத் தெரியாத சாதி. வெறும் தரையில் சின்னக் குழி பறித்து, கூழாங்கல் நிறத்தில் நான்கு முட்டை இட்டிருந்தார்கள். மனைவியின் பெயர் பூவாத்தா. அவள் பெயர் இன்றைக்கும் தெரிகிறது, ஏனென்றால் அதைச் சொல்ல அவன் இருந்தான். அவன் பெயரை என்னால் எழுத முடியவில்லை. அதற்கான காரணம்தான் இந்தக் கதை.

ஒரு நாள் உச்சிவெயிலில் மாயழகு என்ற இளைஞன் ஓடிவந்தான். மேலே இருந்த பெரிய ஏரியின் மடையைப் பாளையக்காரர் தன் தோப்புக்காக அடைத்துவைத்திருந்தார். கீழே ஊரார் பயிர் கருகியது. மாயழகு மடைக் கதவை உடைத்துவிட்டான். பிடித்தால் தலை போகும்.

ஓடிவந்தவன் முட்டையை மிதிக்கப் போனான். பூவாத்தா சிறகை விரித்ததும் ஒற்றைக் காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டான்.

"அடியாத்தீ! இதென்ன, நட்டநடுத் தரையில முட்டை?"

"எங்க வீடு அதான்" என்றாள் பூவாத்தா.

அவனுக்கு உயிர் போகிற அவசரம். அப்படியும் குனிந்து, பத்துப் பன்னிரண்டு கல்லைப் பொறுக்கி, முட்டைகளைச் சுற்றி வட்டமாக வைத்தான். "இனி வர்றவன் கண்ணுல படும்" என்றான். பிறகு ஆண் பறவையைப் பார்த்தான். "அண்ணே, உங்க பேரென்ன?"

பறவை பூவாத்தாவைப் பார்த்தான். பூவாத்தா வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குட்டையில் கிடந்த ஆமைதான் தலையை நீட்டியது. "புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சொல்லாதுகப்பா. நான் சொல்றேன்" என்று பெயரைச் சொன்னது.

மாயழகு அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தான். "நான் கோரைக்குள்ள படுத்துக்கிறேன். யாராச்சும் கேட்டா இந்தப் பக்கம் ஆளே வரலைன்னு சொல்லிருங்க."

"போய்ப் படு தம்பி. எங்க வாயிலேர்ந்து ஒண்ணும் வராது" என்றான் பறவை.

வெயில் தாழும் முன்னே பாளையக்காரரின் குதிரைக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள்.

"ஏய், இங்க ஒருத்தன் ஓடியாந்தானே, பாத்தியா?"

"ஆளே வரலை. மெதுவா வாங்க, இங்க முட்டை இருக்கு."

முன்னால் வந்தவன் சிரித்தான். "முட்டையா? அடுப்பு இல்லாமப் போச்சே!" பின்னால் திரும்பி, "காலடி இதோட நிக்குதுடா. பள்ளத்துல எங்கயாச்சும் கவுந்து கிடப்பான். ஒரு சாண் விடாம மிதிச்சுத் தேடுங்க" என்றான்.

மூன்று குதிரைகளும் வரிசையாக வந்தன. பூவாத்தா எழுந்திருக்கவில்லை. பறவை மேலே எழும்பிச் சுற்றினான், குதிரையின் முகத்தில் மோதினான், பொய்யாக நொண்டிக் காட்டி வேறு பக்கம் இழுத்துப் பார்த்தான். ஒன்றும் பலிக்கவில்லை. முதல் குதிரையின் குளம்பு மாயழகு வைத்த கல் ஒன்றைத் தட்டி உருட்டியது. பூவாத்தா கணவனைப் பார்த்தாள்.

"கோரையில!" என்று கத்தினான் அவன். "அந்தா கோரையில! கோரையில!"

குதிரைகள் திரும்பின.

மாயழகை இழுத்துக்கொண்டு அந்த வட்டத்தின் பக்கமாகவே போனார்கள். அவன் கல்லைப் பார்த்தான், முட்டையைப் பார்த்தான், கடைசியில் பறவையைப் பார்த்தான். திட்டவில்லை. பறவையின் பெயரை மட்டும் ஒரு தடவை சொன்னான், நீதானா என்று கேட்பதுபோல. கரைமேல் கொண்டுபோய் வெட்டி அங்கேயே புதைத்தார்கள்.

முட்டைகள் நான்கும் பொரிந்தன. குஞ்சுகள் ஈரம் காயும் முன்னே எழுந்து ஓடின. "பிள்ளைகளைப் பாருங்க, உங்க காலு மாதிரியே நீளம்" என்றாள் பூவாத்தா. அவன் பார்த்தான். பிறகு கோரைப் பக்கம் பார்த்தான்.

யாரும் அவனுக்குத் தண்டனை விதிக்கவில்லை. ஊர் கூடவும் இல்லை. அவன் பெயரைச் சொல்லத்தான் யாருக்கும் நாக்கு எழவில்லை. கருவேல மரத்தில் இருந்த பறவை ஒரு நாள், "அந்த ஆளைக் காட்டிக் குடுத்தவன் வர்றான், பேச்சை நிறுத்துங்க" என்றது. மறுபடி சொன்னபோது அது "ஆளைக் காட்டினவன்" ஆயிற்று. மழை வருவதற்குள் அந்த நீளமும் வாய்க்குப் பாரமாகிவிட்டது. "ஆள்காட்டி" என்றார்கள். அப்படித்தான் முதன்முதலாக ஒரு காரியம் ஒரு பெயரோடு சேர்ந்தது. சேர்ந்து, பெயர் இருந்த இடத்தையும் எடுத்துக்கொண்டது.

ஆரம்பத்தில் அது அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. சொந்தப் பெயரை நினைத்தாலே மாயழகின் குரலில்தான் அது கேட்டது. யாரும் சொல்லாதவரை நல்லது என்று இருந்துவிட்டான்.

ஆனால் கேலி பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் குட்டைக்கரையில் எல்லோரும் இருக்கும்போது கருவேல மரத்துப் பறவை, "வாங்க ஆள்காட்டி, இன்னைக்கு யாரைக் காட்டப் போறீங்க?" என்றது.

"நீ என்ன பெரிய இவன்? பொழுதன்னைக்கும் மரத்தைக் கொத்திக்கிட்டுக் கிடக்கிற. நீ மரங்கொத்தி!"

எல்லோரும் சிரித்தார்கள். கல்மேல் இருந்த ஒரு சின்னப் பறவை வாலை ஆட்டி ஆட்டிச் சிரித்தது.

"உனக்கு என்னடி சிரிப்பு, வாலாட்டி?"

நீலச் சிறகுக்காரன் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனையும் இவன் விடவில்லை. "நீ சிரிக்காதடா மீன்கொத்தி!"

அதோடு சிரிப்பு நின்றது. விளையாட்டுப் பேச்சு என்றுதான் அன்றைக்கு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் ஒருவரை ஒருவர் அழைக்கும்போது அந்தப் பெயர்களே வந்தன. தாய் வைத்த பெயர் நினைவுக்கு வரச் சற்று நேரம் பிடித்தது. சில வருஷங்களில் நேரம் பிடித்தும் வரவில்லை.

பறவைகளைப் பார்த்து மனிதர்களும் படித்துக்கொண்டார்கள். ஓடிப்போனவள், குடிகாரன், பொய்சொல்லி. ஒரு மனிதன் ஆயுள் முழுக்க எத்தனையோ காரியம் செய்திருப்பான். ஒன்றை எடுத்து அவன் கழுத்தில் கட்டிவிட்டால் பிறகு மற்றதெல்லாம் செய்யாத கணக்குத்தான்.

தன் பெயர் தனக்கே மங்கிவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. மாயழகு சொன்ன அந்த ஒற்றைச் சொல்லை நினைத்துப் பார்த்தான். முகம் வந்தது, கல் வந்தது, உதடு அசைவது வந்தது. சத்தம் வரவில்லை.

பூவாத்தாவிடம் போனான். "எனக்கு மறந்துபோச்சு பூவாத்தா. நீ ஒரு தடவை சொல்லேன்."

"நல்லாருக்கே! நான் எப்படிங்க சொல்லுவேன்?"

"யாரும் இல்லை. காதுக்குள்ள சொல்லு."

"சொன்னா உங்களுக்கு ஆகாது. பேரு எங்கயும் ஓடிப்போகலை, எங்கிட்டத்தான் பத்திரமா இருக்கு. மனசுக்குள்ள தினம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவளிடம் இருக்கிறதே என்று அவனும் விட்டுவிட்டான்.

அதற்கு அடுத்த கோடையிலும் மாயழகு வைத்த அதே கல் வட்டத்துக்குள் நான்கு முட்டை. அவனுக்கு இப்போது யாரைக் கண்டாலும் பயம். தூரத்தில் ஆள் தலை தெரிந்தாலே எழும்பிக் கத்துவான். அன்றைக்கு ஆட்டுக்காரன் ஒருவன் கரையில் நடந்து போனான். அவன் பாட்டுக்குப் போகிறவன்தான். இவன் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தினான். மேலே வல்லூறு ஒன்று தன்னைக் குறிவைத்து இறங்குவதை அவன் பார்க்கவில்லை.

பூவாத்தா பார்த்தாள். முட்டையை விட்டு எழுந்தாள். வாயைத் திறந்து, வாழ்நாளில் முதல் தடவையாகக் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவன் கத்திக்கொண்டிருந்தான். அவன் காதில் விழவில்லை. வல்லூறுக்கு விழுந்தது. பாதி வானத்தில் திரும்பி அவளை எடுத்துக்கொண்டு போயிற்று.

அவன் இறங்கி வந்தபோது வட்டத்துக்குள் முட்டை மட்டும் இருந்தது. குட்டையில் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது.

"எங்க அவ?"

"போயிட்டாப்பா. உன்னைக் காப்பாத்தக் கூப்பிட்டா. பேரைச் சொல்லியே கூப்பிட்டா."

"என்ன பேரு? என்னன்னு கூப்பிட்டா?"

"நீ கத்துன கத்துல எனக்கு என்ன கேக்கும்?"

"உனக்குத்தான் தெரியுமே! அந்தத் தம்பிகிட்ட நீதானே சொன்ன!"

ஆமை வெகுநேரம் யோசித்தது. நிஜமாகவே யோசித்தது. "தெரிஞ்சிருந்துச்சு" என்றது. "இத்தனை வருசம் ஆள்காட்டி, ஆள்காட்டின்னே சொல்லிச் சொல்லி… இப்ப வேற எதுவும் வரலையேப்பா."

மரத்தில் கேட்டான், கல்மேல் கேட்டான், தண்ணீர் ஓரத்தில் கேட்டான். மரங்கொத்திக்கும் வாலாட்டிக்கும் மீன்கொத்திக்கும் தங்கள் பெயரே தெரியவில்லை. மாயழகு கரைக்கு அடியில் இருந்தான்.

அதற்கு முன் கத்தியது பயத்தில். அன்று முதல் வேறொன்றுக்காக, மனித நடமாட்டம் கண்ட இடத்திலெல்லாம் அந்தப் பறவை எழும்பித் தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்துகிறது. ஒரு மனிதனுக்குத் தன் பெயர் தெரிந்திருந்தது, இன்னொருவனுக்கும் தெரிந்திருக்கலாம் என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்க்கிறது. கவனித்தால் தெரியும், கத்திவிட்டுக் கொஞ்சம் நிறுத்தும். அது நம் பதிலுக்காக. நாம் அண்ணாந்து பார்த்து, "ஆள்காட்டி கத்துது" என்று சொல்லிவிட்டு நடக்கிறோம்.